யூஎஃப் ஃபில்டர்ல மாத்திரை நிக்குமா? பத்தாங் பெர்ஜுந்தை தம்பிக்கு கொஞ்சம் நீளமான பதில்

தம்பி கேட்டது ரெண்டு விஷயம். தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்த தண்ணி ஃபில்டர் சேல்ஸ்மேன் "இது மெம்பிரேன், ஆத்துத் தண்ணியில கலக்கிற மருந்து மாத்திரை கூட இதுல நின்னுடும்"னு சொல்லி மாச வாடகைக்கு எடுக்கச் சொல்றான், நம்பலாமா அண்ணேன்னு ஒண்ணு. நம்ம தாமான் பின்னாடி இருக்கிற கழிவுக் குளத்துலயும் அதே மெம்பிரேன போட்டுட்டா ஆத்துக்குப் போற தண்ணி சுத்தமாயிடாதான்னு இன்னொண்ணு.

மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். மெம்பிரேன்னா தண்ணிய வடிகட்டுற மெல்லிய தோல். அவன் விக்கிறது யூஎஃப்னா (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) மாத்திரை நிக்காது, நேரா உள்ள போயிடும். ஆர்ஓன்னா (ரிவர்ஸ் ஒஸ்மோசிஸ்) நிக்கும், ஆனா நின்ன மாத்திரை எங்க போகுதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நான் பதினாலு வருஷம் மெம்பிரேனோட மாரடிச்சவன், எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

நம்ம ஊரு பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா சிலாங்கூர்ல எங்க இருக்குன்னு யோசிங்க. சுங்கை சிலாங்கூர் ஆறு ஃப்ரேசர் மலைப் பக்கம் கிளம்பி கோலகுபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் தண்ணியெல்லாம் வாங்கிக்கிட்டுதான் நம்ம கிட்ட வருது, நம்ம பக்கத்துல இருந்துதான் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு பாதிக்கு மேல தண்ணி எடுக்குறாங்க. 2020 செப்டம்பர்ல ஆத்துல நாத்தம் அடிச்சு நாலு சுத்திகரிப்பு நிலையத்த மூடி, பன்னெண்டு லட்சம் வீட்டு கணக்குக்கு தண்ணி இல்லாம போச்சே, எங்க அம்மா கூட லயத்துல இருந்த காலத்து இரும்பு வாளியெல்லாம் தேடி எடுத்து வெளிய வச்சாங்க. அது நாத்தம், மூக்குக்குத் தெரிஞ்சுது, மூடினாங்க. மாத்திரைக்கு நாத்தமும் கெடையாது நிறமும் கெடையாது.

மாத்திரை ஆத்துக்கு வர்றதுக்கு எவனும் லோரியில கொண்டாந்து கொட்ட வேண்டியதில்ல. எங்க பெரியம்மாவுக்கு இனிப்பு நீர் (சக்கரை வியாதி) இருந்துச்சு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு மெட்ஃபோர்மின் 500. இந்த மருந்த உடம்பு உடைக்கிறதே இல்ல, பாதிக்கு மேல ஒண்ணுக்குல அப்படியே போயிடும், குடல்ல ஏறாத மிச்சம் வெளிக்கி வழியா போயிடும், ஆக பெரியம்மா முழுங்கின ஒரு கிராமும் கிட்டத்தட்ட முழுசா கக்கூஸ்லதான். நம்ம ஊரு மாதிரி ஒரு ஊருல ஆயிரம் பேரு அதே டோஸ் போட்டா நாளைக்கு ஒரு கிலோ. நம்ம இந்தியர்கள்ல இனிப்பு நீர் எவ்வளவு ஜாஸ்தின்னு கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) காலையில நம்பர் எடுத்து உக்காந்து பாருங்க தெரியும். முட்டிக்கு தேய்க்கிற வோல்ட்டரன் ஜெல் இன்னும் மோசம், அதுல இருக்கிற டைக்ளோஃபினாக் தோல் வழியா ஏறுறது நூத்துக்கு ஆறு பங்குதான், மிச்சமெல்லாம் குளிக்கிறப்ப லோங்காங்ல (சாக்கடையில).

உலகம் பூரா இப்படித்தான். 2022ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 104 நாட்டுல 258 ஆத்துத் தண்ணிய எடுத்து 61 மருந்துக்கு டெஸ்ட் பண்ணினாங்க, அடிக்கடி சிக்கினது வலிப்புக்கு குடுக்கிற கார்பமாசெபின், நம்ம மெட்ஃபோர்மின், அப்புறம் காப்பியில இருக்கிற கஃபீன். கஃபீனும் மருந்துதான்னு சொன்னா ஒட்டுக்கடையில எவனும் நம்ப மாட்டேங்கிறான்.

சரி இப்ப மெம்பிரேன். "மெம்பிரேன்"னு ஒரே சொல்ல வச்சு மைக்ரோ, யூஎஃப், நானோ, ஆர்ஓன்னு நாலு விதமான சாமான விக்கிறாங்க, இங்கதான் ஆளுங்க ஏமாறுறது. ரப்பர் பால் வெட்டின குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது ஈஸியா புரியும், ஸ்டோர்ல பால வடிகட்டுற சல்லடைய நினைச்சுக்குங்க, இலையும் பட்டையும் உறைஞ்ச கட்டியும் நிக்கும், பால் போயிடும், பாலுக்குள்ள இருக்கிற ரப்பர் துளியும் போயிடும், பாலுல கரைஞ்ச உப்பும் சக்கரையும் போயிடும். எது நிக்கும்ங்கிறத ஓட்டையோட அளவுதான் முடிவு பண்ணுது.

யூஎஃப் கார்ட்ரிட்ஜ ஒண்ண ரம்பத்தால அறுத்துப் பாத்தீங்கன்னா உள்ள மீஹூன் கட்டு மாதிரி வெள்ள வெள்ளயா இழை இருக்கும், ஒவ்வொரு இழையும் உள்ள குழாய், சுவத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. வீட்டு மெஷின்ல அந்த ஓட்டை 0.01 மைக்ரோன்னு போட்டிருப்பான், அதாவது 10 நானோமீட்டர். பாக்டீரியா நிக்கும், துரு நிக்கும், சேறு நிக்கும், வைரஸ் கூட முக்கால்வாசி நிக்கும், இதெல்லாம் உண்மை, நல்ல சாமான்தான், அத குறை சொல்லல. ஆனா ஒரு பாராசெட்டமோல் மூலக்கூறு ஒரு நானோமீட்டர் கூட வராது. கோழிக்கூட்டு வலையில கொசுவ அடைச்சு வைக்கிற கதை.

எடைக் கணக்குல பாத்தா இன்னும் தெளிவா இருக்கும். மெம்பிரேன்காரங்க டால்டன்னு ஒரு அளவு சொல்லுவாங்க. யூஎஃப் பிடிக்கிறது ஆயிரம் டால்டன்ல இருந்து லட்சம் வரைக்கும் உள்ள பெரிய சாமான். மெட்ஃபோர்மின் 129, பாராசெட்டமோல் 151, கார்பமாசெபின் 236, டைக்ளோஃபினாக் 296, சிப்ரோஃப்ளோக்சசின் 331. ஆன்டிபயோட்டிக்ல குண்டு ரகத்துல ஒண்ணு எரித்ரோமைசின், அதுவே 734தான். எல்லாம் சந்தோஷமா உள்ள நடந்து போயிடும்.

அதுக்கு அடுத்த படி நானோ ஃபில்ட்ரேஷன், சுமார் 200ல இருந்து ஆயிரம் டால்டன் வரைக்கும் பல ரகம் இருக்கு, தண்ணிய அஞ்சு பத்து பார் பிரஷர்ல தள்ளணும். அதுக்கும் கீழ ஆர்ஓ, அதுல ஓட்டைன்னே சொல்ல முடியாது, பொலிஅமைட்னு ஒரு மெல்லிய தோல், தண்ணி அதுக்குள்ள கரைஞ்சு ஊர்ந்து அந்தப் பக்கம் போகுது, கழிவுத் தண்ணிக்கு பத்துல இருந்து இருவது பார் கிட்ட தேவைப்படும். ஷீட்ட பொப்பியா மாதிரி சுருட்டி குழாய்க்குள்ள சொருகி வச்சிருப்பாங்க. ஆர்ஓ நல்லா வேலை செய்யுறப்ப முக்காவாசி மருந்துல நூத்துக்கு தொண்ணூத்தஞ்சுக்கு மேல நிறுத்திடும்.

ஆனா வெறும் சைஸ் கணக்கு மட்டும் போதாது, இதுதான் இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இந்த பொலிஅமைட் தோலு சாதாரண தண்ணியில மைனஸ் சார்ஜ்ல இருக்கும். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் எல்லாம் அமில ஜாதி, தண்ணியில கரைஞ்சா அதுவும் மைனஸ். மைனஸும் மைனஸும் தள்ளிக்கும், அதனால டைக்ளோஃபினாக் சைஸுக்கு மேலேயே நல்லா நிக்கும், கொஞ்சம் லூஸான நானோவுல கூட. கார்பமாசெபினுக்கு சார்ஜே கெடையாது, அது சைஸ நம்பித்தான் நிக்கணும். பாராசெட்டமோலுக்கும் சார்ஜ் இல்ல, உருவமும் சின்னது, லூஸான நானோவுல நழுவி ஓடிடும். மெட்ஃபோர்மின் பிளஸ், தோலு அத இழுக்கும், ஆனாலும் ஆர்ஓ பிடிச்சிடும், நானோன்னா உறுதி இல்ல. இதுக்காகத்தான் "எங்க மெம்பிரேன் மருந்த 95 பர்சென்ட் எடுக்கும்"னு எவனாவது சொன்னா நான் கேக்குறது, எந்த மருந்து, எந்த பிஎச்ல, எத்தன நாள் ஓட்டின பிறகுன்னு.

எத்தன நாள்னு ஏன் கேக்குறேன்னா, இதுல ஒரு கண்கட்டு இருக்கு. எண்ணெய்த்தன்மை உள்ள மருந்துங்க, முக்கியமா ஹார்மோன் ஜாதி, கர்ப்பத்தடை மாத்திரையில வர்ற எஸ்ட்ரோஜென் மாதிரி, புது மெம்பிரேன் மேல ஒட்டிக்கும். மொத நாள் சாம்பிள் எடுத்தா அந்தப் பக்கம் தண்ணியில ஒண்ணுமே இருக்காது, ஆகா ஓகோன்னு ரிப்போர்ட் எழுதிடலாம். ஒட்டுறதுக்கு இடம் நிரம்பினதும் மெதுவா கரைஞ்சு மறுபக்கம் வர ஆரம்பிச்சிடும். துணியில கறி மஞ்சத் தண்ணிய வடிகட்டுற மாதிரிதான், மொத கப்ல துணி மஞ்சள இழுத்துக்கும், பத்தாவது கப்ல மஞ்சளாதான் வரும்.

இன்னொரு அனுபவம் சொல்றேன். ஜொகூர்ல ஒரு தொழிற்சாலை, பேரு வேணாம், அங்க நான் ஆர்ஓ பாத்துக்கிட்டு இருந்தேன். தண்ணியில பாசி புடிக்காம இருக்க குளோரின் போடுவோம், ஆனா குளோரின் பொலிஅமைட்ட தின்னுடும், அதனால மெம்பிரேனுக்கு முன்னாடி சோடியம் பைசல்ஃபைட் போட்டு குளோரின கொல்லணும். ஒரு தீபாவளி லீவுல பைசல்ஃபைட் டேங்க் காலியாயிடுச்சு, பம்ப் காத்த இழுத்துக்கிட்டு டொக்கு டொக்குன்னு ஓடிக்கிட்டே இருந்திருக்கு, அலாரம் ஒயர எலி கடிச்சிருந்தது. லீவு முடிஞ்சு வந்து பாத்தா தண்ணி முன்னவிட நல்லா ஓடுது, பிரஷர் கூட கொறைஞ்சிருக்கு, புதுசா வந்த பையன் "அண்ணே மெம்பிரேன் நல்லாயிடுச்சு"ன்னு சந்தோஷப்படுறான். எனக்கு வயித்த கலக்கிடுச்சு. தோலு அரிச்சுப் போச்சு, அதான் ஈஸியா ஓடுது. உப்பு மீட்டர்ல நம்பர் ஏறிக்கிட்டே போச்சு, ஒரு வரிசை முழுக்க மெம்பிரேன மாத்தினோம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, பிளான்ட்ல தெனமும் நாங்க பாக்குறது உப்பு மீட்டர மட்டும்தான், மருந்த அளக்க எல்சி எம்எஸ்னு பெரிய மெஷின் வேணும், ஒரு சாம்பிளுக்கு நூத்துக்கணக்குல காசு, தெனமும் எவனும் பாக்க மாட்டான். உப்பு நிக்குதுன்னா மருந்தும் நிக்கும்னு ஒரு நம்பிக்கையிலதான் ஓடுது, பெரும்பாலும் சரியாவும் இருக்கும், ஆனா சின்ன உருவம் சார்ஜ் இல்லாத சாமானுக்கு அந்த நம்பிக்கை செல்லாது. என்டிஎம்ஏன்னு ஒண்ணு, 2019, 2020ல ரானிடிடின் கேஸ்ட்ரிக் மாத்திரைய கடையில இருந்து எடுக்க வச்சுதே அதே சாமான்தான், வெறும் 74 டால்டன், ஆர்ஓவுலயே பாதி கிட்ட நழுவிடும். அதனாலதான் கலிஃபோர்னியாவுல ஆரஞ்ச் கவுண்டில ஆர்ஓவுக்குப் பிறகு யூவி லைட்டும் பெராக்சைடும் போடுறாங்க.

இப்ப நான் சொன்ன பெரிய கேள்விக்கு வரேன். மெம்பிரேன் எதையும் அழிக்கிறதில்ல. பிரிச்சு வைக்குது, அவ்வளவுதான். நூறு லிட்டர் கழிவுத் தண்ணிய ஆர்ஓவுல விட்டா ஒரு 75 லிட்டர் நல்ல தண்ணி வரும், மிச்சம் 25 லிட்டர் ரிஜெக்ட், நூறு லிட்டர்ல இருந்த மாத்திரையெல்லாம் அந்த 25ல நாலு மடங்கு கெட்டியா உக்காந்திருக்கும். சிங்கப்பூர்ல 2003ல இருந்து நியூவாட்டர் ஓடுது, கக்கூஸ் தண்ணிய மைக்ரோ இல்லாட்டி யூஎஃப், அப்புறம் ஆர்ஓ, அப்புறம் யூவின்னு மூணு கட்டமா சுத்தம் பண்ணி அவங்க தேவையில 40 சதவீதம் வரைக்கும் குடுக்குற அளவுக்கு வளத்துட்டாங்க, மெய்யாலுமே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா அவங்களுக்கு சுத்தி கடல், ரிஜெக்ட கடல்ல விடுறாங்க. நமக்கு? தாமான் பின்னாடி குளத்துல ஆர்ஓ போட்டா ரிஜெக்ட் எங்க போகும், அதே லோங்காங், அதே சுங்கை சிலாங்கூர். நல்ல தண்ணியையும் ஆத்துலயே விட்டா போட்ட மாத்திரை அத்தனையும் ஆத்துக்குத்தான் போச்சு, நடுவுல கரண்ட் பில்லு மட்டும் ஏறுச்சு. நல்ல தண்ணிய ஃபேக்டரிக்கு வித்து, ரிஜெக்ட்ட ஓசோன்ல அடிச்சு கொன்னாலோ, அதுல இருக்கிற மருந்த கார்பன்ல ஒட்ட வச்சு எடுத்தாலோதான் அந்தக் கணக்கு தேறும்.

அப்ப குளத்துக்கு என்ன பண்ணலாம்னா, நான் எம்பிஆர் (மெம்பிரேன் பயோரியாக்டர்) பக்கம். கழிவுத் தண்ணிய தின்னுற கிருமிங்க வாழுற தொட்டிக்குள்ளயே யூஎஃப் மாதிரி மெம்பிரேன முக்கி வச்சிடுறது, தண்ணி வெளிய வரும், கிருமி உள்ளயே நிக்கும். இங்க மருந்த பிடிக்கிறது மெம்பிரேன் இல்ல, கிருமிங்கதான், மெம்பிரேன் அதுங்கள வெளிய போகாம வாரக்கணக்குல வச்சுக்குது, அதனால மெதுவா வளர்ற ஜாதியும் சேந்து வளருது. நம்ம தென்னமரம் எஸ்டேட் பிள்ளைங்களுக்கு இது புதுசா? 1917ல நாட்டுலயே மொத செம்பனைத் தோட்டம் போட்ட இடம், எங்கப்பா மில்லுல வேல பாத்தவர், ஆலைக் கழிவ குளம் குளமா விட்டு மாசக்கணக்குல கிருமிக்கு சாப்பாடு போடுறத சின்ன வயசுல இருந்து மூக்கால பாத்து வளந்தவங்க நாம. எம்பிஆர்ல பாராசெட்டமோல், இபுபுரோஃபென், கஃபீன் எல்லாம் நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல காலி. மெட்ஃபோர்மினும் நல்லா கொறையும், ஆனா முழுசா மறையாது, கிருமி அத குவானைல்யூரியான்னு வேற ஒண்ணா மாத்தி விட்டுடும். டைக்ளோஃபினாக் அரையும் கொறையும். கார்பமாசெபின்? அசையாது. சில சமயம் உள்ள போனதவிட வெளிய ஜாஸ்தி வரும், டெஸ்ட் தப்பு இல்ல அது, ஈரல் அந்த மருந்து மேல ஒரு சக்கரைத் துண்ட ஒட்டி அனுப்பும், கிருமிங்க அந்த சக்கரைய தின்னுட்டு மருந்த திரும்ப மொட்டையா விட்டுடும்.

அதுக்குத்தான் கார்பன். எம்பிஆருக்குப் பின்னாடி கார்பன் தொட்டி ஒண்ணு, இல்ல பவுடர் கார்பன தண்ணியில கலந்து யூஎஃப்ல வடிகட்டுறது, கார்பமாசெபினும் டைக்ளோஃபினாக்கும் கார்பன்ல நல்லா ஒட்டும், பவுடர யூஎஃப் பிடிச்சுக்கும், இதுதான் யூஎஃப்போட சரியான வேலை. சல்ஃபா ஆன்டிபயோட்டிக் மட்டும் கார்பன்ல சரியா ஒட்டாது, அதுக்கு ஓசோன் தேவலாம். சுவிட்சர்லாந்துல 2016ல இருந்து சட்டமே போட்டு, குறிப்பிட்ட கழிவு நிலையங்கள்ல இந்த மாதிரி நுண் மாசுல 80 சதவீதம் எடுக்கணும்னு வச்சிருக்காங்க, அவங்க எடுத்துக்கிட்டது ஆர்ஓ இல்ல, ஓசோனும் கார்பனும்தான். ஐரோப்பாவுல 2024ல வந்த புது சட்டத்துல அந்தச் செலவுல 80 சதவீதமாவது மருந்து, காஸ்மெட்டிக் கம்பெனிங்க கட்டணும்னு போட்டுட்டாங்க. நம்ம நாட்டுல 2009 கழிவுநீர் விதிமுறையில ஸ்டாண்டர்ட் ஏ, ஸ்டாண்டர்ட் பின்னு இருக்கு, தண்ணி எடுக்குற இடத்துக்கு மேல இருந்தா ஏ, பிஓடி (தண்ணியில மக்குற அழுக்கோட அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராம் தாண்டக் கூடாது, கீழ இருந்தா 50 வரைக்கும் பரவால்ல. மருந்துக்கு அதுல ஒரு வரி கூட கெடையாது. வரி இல்லாத வேலைக்கு எவன் காசு எறக்குவான்.

என்னக் கேட்டா நாட்டுல இருக்கிற எல்லாக் குளத்துக்கும் ஓடுறதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரி வாசல்லயே மடக்குறது புத்திசாலித்தனம், ஆன்டிபயோட்டிக் கெட்டியா வர்ற இடம் அது. டென்மார்க்ல ஹெர்லெவ் ஆஸ்பத்திரியில 2014ல இருந்து எம்பிஆர், ஓசோன், கார்பன், யூவின்னு தனி பிளான்டே வச்சிருக்காங்க. மருந்துக்கு மட்டும் இல்ல, மருந்துக்கு அடங்காத கிருமிங்கள எம்பிஆர் மெம்பிரேன் நிறுத்திடும், அது பெரிய லாபம். மருந்து செய்யிற ஃபேக்டரி வாசல் அதவிட முக்கியம். 2007ல ஐதராபாத் பக்கம் பட்டான்செருவுல தொண்ணூறு மருந்து கம்பெனி கிட்ட கழிவு வாங்குற ஒரு நிலையத்தோட வெளிய வர்ற தண்ணியில, சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோஃப்ளோக்சசின் இருந்தத சுவீடன் ஆளுங்க கண்டுபிடிச்சாங்க. அது மாத்திரை போட்ட ஆளோட ரத்தத்துல இருக்கிறதவிட ஜாஸ்தி.

பயப்படணுமான்னு கேட்டா, குடிக்கிறவனுக்கு இல்ல. கணக்கு போடுவோம், குடிக்கிற தண்ணியில கார்பமாசெபின் லிட்டருக்கு 100 நானோகிராம் இருக்குன்னு வச்சுக்குங்க, தெனம் ரெண்டு லிட்டர் குடிச்சா ஒரே ஒரு 200 மில்லிகிராம் மாத்திரைக்கு சமமாக பத்து லட்சம் நாளாகும், 2,700 வருஷத்துக்கு மேல. ஆனா மீனு அந்தத் தண்ணிக்குள்ளயே பொறந்து அதுலயே மூச்சு விடுது. கனடாவுல ஒன்டாரியோவுல ஆராய்ச்சிக்குன்னே வச்சிருக்கிற ஒரு ஏரியில 2001ல இருந்து மூணு வருஷம் கர்ப்பத்தடை மாத்திரை எஸ்ட்ரோஜென லிட்டருக்கு அஞ்சு ஆறு நானோகிராம் இருக்கிற மாதிரி விட்டாங்க. ஆம்பள மீனெல்லாம் முட்டைப் புரதம் சுரக்க ஆரம்பிச்சு அந்த சின்ன மீன் இனமே ஏரியில கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு. அஞ்சு நானோகிராம்னா ஒரு கிராம இருவது கோடி லிட்டர்ல கரைக்கிறது. கீழ கம்போங் குவாந்தான்ல மின்மினி பாக்க வெளிநாட்டுல இருந்தெல்லாம் வர்றாங்க, அதுக்கும் இதே ஆறுதான்.

நீங்க இப்ப கையோட செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. பெரியம்மா காலமானப்ப அவங்க மைலோ டின்னுல மட்டும் பிரிக்காத மெட்ஃபோர்மின் அட்டை, பிரஷர் மாத்திரை, பாதி குடிச்ச இருமல் மருந்துன்னு ரொம்பி வழிஞ்சுது. கக்கூஸ்ல கொட்டி ஃப்ளஷ் பண்ணிடலாம்னு மச்சான் கெளம்பிட்டான், பிடுங்கி வாங்கி கிளினிக் ஃபார்மசி கவுண்டர்ல குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க, கேள்வி கேக்கல. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரைய கொட்டினா அஞ்சு லட்சம் லிட்டர் தண்ணிய லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவுக்கு அது கெடுக்கும், அதப் பிடிக்கத்தான் இவ்வளவு மெம்பிரேன் கதையும்.

சேல்ஸ்மேன் விஷயத்துக்கு வருவோம். ஒரு பொட்டியில ரெண்டு ஜோடி கம்பி வச்சிருப்பான், ஒரு கிளாஸ்ல உங்க பைப் தண்ணி, இன்னொண்ணுல அவன் கொண்டாந்த பாட்டில் தண்ணி, கரண்ட்ட போட்டதும் உங்க தண்ணி தே தாரே கலருக்கு மாறிடும், வீட்டுல அக்காமார் எல்லாம் ஐயோன்னு வாயப் பொத்திக்குவாங்க. அது அழுக்கு இல்ல, இரும்புக் கம்பி கரையுது. தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் ஓடும், கம்பி கரையும், பாட்டில்ல இருக்கிறது உப்பில்லாத தண்ணி, கரண்ட் ஓடாது. போன மாசம் பக்கத்து வீட்டுக்கு ஒரு பையன் வந்தான், எல்லா வித்தையும் காட்டினான், நான் தே ஓ ஆத்திக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன், முடிஞ்சதும் "தம்பி, உன் மெஷின்ல வடிகட்டின தண்ணியிலயே அந்தக் கம்பிய வையேன்"னேன். யூஎஃப்ல உப்பு நிக்காதே. வச்சான். அதே கலரு.

பையன் பாவம், பொட்டிய மூடிட்டு, அப்ப உங்க வீட்டுல என்ன ஃபில்டர் அண்ணேன்னு கேட்டான். கூட்டிப் போயி காட்டினேன், வெளிய மீட்டர் பக்கத்துல மண் ஃபில்டர், பழைய பைப்புத் துருவுக்கு, சிங்க்குக்கு அடியில ஒரு கார்பன் பிளாக் கார்ட்ரிட்ஜ், அது மேல மார்க்கர்ல மாத்தின தேதி எழுதியிருக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துவேன். ஆர்ஓ இல்லையான்னான். ஒரு லிட்டருக்கு ரெண்டு லிட்டர் வீணாப் போகும், அந்த ரிஜெக்டும் நம்ம லோங்காங்லதான்னு சொன்னேன், குனிஞ்சு அந்தத் தேதிய ரெண்டு தடவ படிச்சிட்டு இது எந்தக் கடையிலன்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போனான்.